விருது கொடுக்குமுன் கடையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: குமரியில் குப்பையைக் குறைப்பவர்களைப் பாராட்ட ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு சங்கம் இருக்கும். இளைஞர் மன்றம், வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், கோயில் கமிட்டி, அன்பியம் (கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு), ஜமாஅத். ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குக் கேடயமும், கபடியில் ஜெயித்த அணிக்குக் கோப்பையும் கொடுக்கிறோம். அதே மேடையில் குப்பையைக் குறைத்த ஒரு சாயாக்கடைக்கும் ஒரு பள்ளிக்கும் மரியாதை செய்யலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவையாகச் செய்கிறவர்களை மனதில் வைத்து எல்லாவற்றையும் அடியிலிருந்தே சொல்கிறேன்.

இந்த மாவட்டத்துக்கு இந்த வேலை புதிதல்ல. தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்குப் பல வருடம் முன்பே, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோது இங்கே பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் முயற்சி பெரிய அளவில் நடந்தது. சேகரித்த பிளாஸ்டிக்கைத் துகளாக்கித் தாரோடு கலந்து சாலையும் போட்டார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. ஆனால் மேலிருந்து வரும் கண்டிப்பை மட்டும் நம்பி இருந்தால் போதாது. பக்கத்துக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஒரு பழக்கம் நிலைக்கும். ஊர் கொடுக்கும் பாராட்டுக்கு அந்தப் பலம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் அதை அலட்சியமாகக் கொடுக்கக் கூடாது.

எல்லையைச் சுருக்குங்கள்

மாவட்டம் முழுக்க என்று தொடங்காதீர்கள். ஒரு மாநகராட்சி, நான்கைந்து நகராட்சி, 50-ஐ ஒட்டிய பேரூராட்சிகள், 95 கிராம ஊராட்சிகள் என்று பரந்து கிடக்கிற இடம் இது. ஒரு வார்டு, அல்லது ஒரு கடைத்தெரு, அதோடு இரண்டு மூன்று பள்ளிகள் என்றால் முதல் வருடத்துக்குப் போதும். திங்கள்சந்தையில் இருப்பவர்கள் சந்தையைச் சுற்றி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் என்றால் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பக்கம் போதும். நடந்தே போய் எல்லாக் கடையையும் பார்த்துவிட முடிகிற தூரம்தான் சரியான எல்லை.

அப்புறம், சொல்ல வேண்டியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி மாநகராட்சி என்றால் சுகாதார ஆய்வாளர், கிராமம் என்றால் ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவரும் செயலரும். வணிகர் சங்கத் தலைவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பள்ளிகளுக்குத் தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். “அபராதம் போட ஆள் பார்க்க வருகிறார்கள்” என்று கடைக்காரர்கள் நினைத்துவிட்டால் கதவே திறக்காது. நோட்டில் எழுதுவது எதுவும் அதிகாரிகளுக்குப் போகாது என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

சட்டம் சொல்வது தகுதி, மதிப்பெண் அதற்கு மேல்தான்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கைப்பை என்றால் மெலிந்தது தடித்தது என்ற வித்தியாசமே கிடையாது. சாப்பாடு பொதியும் தாள், மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதில் அடக்கம். பலருக்குத் தெரியாதது பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளை. அதுவும் பட்டியலில் உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பையும் பட்டியலில் இருந்தது. அதை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம். சட்டம் எப்படிப் போனாலும் நீங்கள் அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அது பருத்தியல்ல.

சந்தேகம் வந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். பையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் விடும். நெய்யாத பை சுருண்டு உருகி, முனையில் கெட்டியான சிறு உருண்டையாக நிற்கும். காகிதக் குவளையை வெந்நீரில் நன்றாக ஊறவிட்டுக் கிழித்தால், உள்பக்கத்திலிருந்து மெல்லிய தோல் ஒன்று தனியாக உரிந்து வரும். ஒரு கடைக்காரர் முன்னால் இதைச் செய்து காட்டினால், அன்றைக்கே அந்தத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிடும். “காகிதம்தானே சார்” என்று நல்ல மனதோடு வாங்கி வைத்தவர்கள்தான் அதிகம். அவர்களைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கக் கூடாது.

தடை செய்யப்பட்ட பொருள் இல்லாமல் இருப்பது பங்கெடுப்பதற்கான தகுதி மட்டுமே. ஹெல்மெட் போட்டதற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் என்ன செய்தார்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

எங்கே என்ன பார்ப்பது

எல்லாக் கடைக்கும் ஒரே படிவம் அச்சடிப்பது வீண் வேலை. சாயாக்கடையில் பார்க்க வேண்டியது கண்ணாடி டம்ளரும் அதைக் கழுவுகிற முறையும். பார்சல் கேட்டால் என்ன செய்கிறார்கள்? தூக்குவாளி அல்லது பிளாஸ்க் கொண்டு வந்தவருக்கு விலையில் ஒரு ரூபாய் குறைக்கிறார்களா? சொந்தமாக நாலு தூக்குவாளி வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிற கடை கிடைத்தால் அதுதான் உங்கள் முதல் வேட்பாளர். டம்ளர் கழுவாமல் முக்கி எடுக்கிற கடைக்குக் குப்பை குறைந்தது என்று பரிசு கொடுத்துவிடக் கூடாது. வெந்நீரில் கழுவுகிறார்களா என்றும் பாருங்கள்.

நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைகளில் எண்ணெய்தான் விஷயம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018-இலேயே வரம்பு வந்துவிட்டது. எண்ணெய் காயக் காய அதில் உண்டாகிற கழிவுப் பொருட்கள் (மொத்த துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே வருடம் ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. மீந்த எண்ணெய் சாக்கடைக்குப் போகிறதா, தள்ளுவண்டிக்கு விற்கப்படுகிறதா, சேகரிப்பவருக்குப் போகிறதா என்று கேளுங்கள். சேகரிப்பவருக்குப் போகிறது என்றால் ரசீது இருக்கும்.

மீன் சந்தையில் வேறு மாதிரி. அங்கே விற்கிற அக்காமாரிடம் பெரும்பாலும் அலுமினியச் சட்டியும் கடவமும் (ஓலைக்கூடை)தான் இருக்கும். பை கேட்பது வாங்குகிற நாம். “டப்பா கொண்டு வந்தா நல்ல மீனா பொறுக்கித் தாறேன்” என்று சொல்கிற ஒருவர் எங்கேயும் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய ஜவுளிக்கடையின் விளம்பரப் பையைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகக் குப்பையைத் தடுக்கிறது. தோவாளைப் பக்கம் பூ வியாபாரிகளிடம் வாழைநாரா, பிளாஸ்டிக் நூலா என்று பார்த்தால் போதும். விற்காத பூ எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி.

கல்யாண மண்டபங்களையும் பள்ளிவாசல், சர்ச் கூடங்களையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் வாழையிலை இருக்கும், ஆனால் அதற்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு, பக்கத்தில் ஒரு மடக்கு குடித்துவிட்டு வைத்த குட்டித் தண்ணீர் பாட்டில். பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் கோயில் பொங்கலைக்கே பசுமை நெறிமுறை, அதாவது குப்பையைக் குறைக்கும் விதிமுறை, வைத்து நடத்துகிறார்கள். அத்தனை லட்சம் பேர் கூடுகிற இடத்தில் முயற்சி செய்ய முடிகிறது என்றால், ஐந்நூறு பேர் சாப்பிடுகிற மண்டபத்தில் எவர்சில்வர் டம்ளர் வைக்க முடியாதா? வாடகை ஒப்பந்தத்திலேயே “பாட்டில் தண்ணீர் கிடையாது” என்று எழுதி வாங்கும் மண்டபம் ஒன்று உங்கள் எல்லைக்குள் இருந்தால், யோசிக்காமல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டல்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, மீந்த சாப்பாடு எங்கே போகிறது என்பது. “பன்றிப் பண்ணைக்கு” என்று பதில் வரும். அதில் தவறில்லை, பிளாஸ்டிக் கலக்காமல் போகிறதா, நிஜமாகவே பண்ணைக்குத்தான் போகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். எல்லை தாண்டிக் கழிவு ஏற்றி வரும் லாரிகளைக் களியக்காவிளைப் பக்கம் பிடிக்கிறார்கள் என்று செய்தி படித்துக் கோபப்படுகிற நாம், நம் ஓட்டல் வாளி எந்தக் குளத்தங்கரையில் கவிழ்கிறது என்றும் கேட்கத்தான் வேண்டும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்கள் நம் கண்ணெதிரேதானே கிடக்கின்றன.

பள்ளிகளில்

பள்ளிக்குள் போனதும் தலைமையாசிரியர் அறையில் இருக்கும் ஆல்பத்தைக் காட்டுவார்கள். மரியாதைக்குப் பார்த்துவிட்டு, மைதானத்தின் மூலைக்குப் போங்கள். சாம்பல் குழி இருக்கிறதா? அதில் பாதி எரிந்த பேனாக் குழாயும் மிட்டாய்த் தாளும் கிடந்தால் எவ்வளவு அழகான சுவரோவியம் இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு இந்த வருடம் இல்லை. எரிப்பதை நிறுத்துவதுதான் பள்ளிகளுக்கு முதல் படி. மா, பலா, தேக்கு இலைகள் கொட்டுகிற நம் ஊர்ப் பள்ளிகளில் உரக்குழிக்குச் சருகு பஞ்சமே இல்லை.

உரக்குழி இருந்தால் கையை விட்டுப் பாருங்கள். பலர் இதற்குத் தயங்குவார்கள், தயங்கக் கூடாது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரப்பதம் சரி. தாரையாக ஒழுகினால் சருகு போதவில்லை. ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. அழுகல் நாற்றம் என்றால் காற்றுப் போகவில்லை, கிளறிவிட வேண்டும். இதையெல்லாம் ஆசிரியர் சொல்வதைவிட, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னால் அந்தப் பள்ளியில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். “மழ பெஞ்சா நனஞ்சிரும் சார், அதுக்குத்தான் தகரம் போட்டு மூடியிருக்கோம்” என்று ஒரு பிள்ளை விளக்கும்போது அவள் நகக்கண்ணில் மண் இருக்கும். அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

மதிய உணவு, காலை உணவுத் தட்டுகளைக் கழுவும் இடத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். எந்தச் சாதம் அதிகம் மிஞ்சுகிறது, எந்த நாளில் என்று ஆயாம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். பள்ளி வாசலில் மிட்டாய், சிப்ஸ் பாக்கெட் விற்கும் கடையையும் பள்ளியோடு சேர்த்தே கணக்கில் எடுங்கள். வளாகத்துக்குள் பறக்கும் பாக்கெட் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

தராசு

இந்த வேலையில் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே பொருள் கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய்தான். மூன்று சாக்கு வையுங்கள்: மக்குவது ஒன்று, ஆக்கர்கடைக்கு (பழைய சாமான் வாங்கும் கடை) போகிறது ஒன்று, எதற்கும் ஆகாதது ஒன்று. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஒரு வாரம் முழுக்க, கடை சாத்தும் நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். சில மாதம் கழித்து இன்னொரு வாரம். முதல் வார எடை இல்லாமல் “குறைந்திருக்கிறது” என்று யார் சொன்னாலும் அது வெறும் பேச்சு. மூன்றாவது சாக்கு குறைவதற்குத்தான் அதிக மதிப்பெண் ஒதுக்க வேண்டும். பல அடுக்குப் பாக்கெட்டும் சாஷேயும் கடைசியில் நாகர்கோவில் வலம்புரிவிளை மாதிரியான குப்பைக் கிடங்குகளுக்குத்தான் போய்ச் சேரும்; அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதன் வாசனை தெரியும்.

நம் மாவட்டத்தில் எடை போடுவதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நமக்குப் பெய்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி எடையில் ஏமாற்றிவிடும். கூரைக்குள் வைத்து எடை போடுங்கள், நனைந்தது என்றால் நோட்டில் அப்படியே குறித்து வையுங்கள்.

இன்னொன்று சீசன். கன்னியாகுமரி ஊரில் கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அப்புறம் கோடை விடுமுறைக் கூட்டம். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களிலும் அந்தந்தப் பகுதிக் கடைகளின் கணக்கு தலைகீழாகிவிடும். கூட்டம் இல்லாத மாதத்தையும் கூட்டம் நெரிகிற மாதத்தையும் அப்படியே ஒப்பிட்டால் நன்றாக உழைத்தவரே தோற்பார். அதனால் மொத்த எடையை வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு ஓட்டலில் சாதாரண நாளில் 300 சாப்பாட்டுக்கு 45 கிலோ குப்பை என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு ஒன்றுக்கு 150 கிராம். சீசனில் 600 சாப்பாட்டுக்கு 72 கிலோ என்றால் 120 கிராம். மொத்தம் கூடியிருக்கிறது, ஆனாலும் அவர் குறைத்திருக்கிறார். பள்ளிக்கு அன்றைய வருகைப் பதிவால் வகுத்தால் சரியாக வரும்.

யார் தீர்ப்புச் சொல்வது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடுவர் குழுவில் அந்தத் தெருவில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கிராம ஊராட்சி என்றால் தூய்மைக் காவலர். எந்தக் கடை பிரித்துத் தருகிறது, எந்தக் கடை சாப்பாட்டுக் கழிவுக்குள் உடைந்த கண்ணாடியைப் போட்டுத் தருகிறது என்று அவர் கைக்குத் தெரியும். நாங்கள் கடை கடையாகப் போனபோது, வாசலில் மூன்று நிறத்தில் தொட்டி வைத்திருந்த ஒரு கடையைப் பார்த்து மகிழ்ந்துபோய் நின்றோம். கூட வந்த தூய்மைப் பணியாளர் அக்கா மெதுவாகச் சொன்னார்: “முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சாரே, பின்னாடி வந்து பாருங்க.” பின்பக்கம் எல்லாம் ஒரே சாக்கில் கட்டிக் கிடந்தது. அவர் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கடைக்குத்தான் முதல் பரிசு போயிருக்கும்.

அவருக்கு அரை நாள் கூலி போகும் என்றால் அதைச் சங்கம் கொடுக்க வேண்டும். கடைக்காரர் முன்னால் அவரைப் பேச வைக்காதீர்கள். நாளைக்கும் அதே கடையில்தான் அவர் குப்பை எடுக்க வேண்டும். தனியாகக் கேட்டு, பெயர் போடாமல் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் மற்றவர்களாக ஒரு ஆசிரியர், ஒரு ஆக்கர்கடைக்காரர், வீட்டுச் சாமான் வாங்குகிற ஒரு பெண் இருந்தால் போதும். நன்கொடை கொடுத்தவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர் கடையும் போட்டியில் இருக்கும், சங்கடம் வரும்.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்று பிரிப்பதை நான் ஆதரிப்பதில்லை. சின்னத் தெருவில் அது மனஸ்தாபத்தில் முடியும். அளவுகோலைத் தாண்டிய எல்லோருக்கும் கொடுங்கள். இந்த வருடம் யாருமே தாண்டவில்லை என்றால் யாருக்கும் கொடுக்காமல் இருக்கவும் துணிய வேண்டும்.

கொடுக்கிற விதம்

பிளெக்ஸ் பேனர் வேண்டாம், பிளாஸ்டிக் கேடயம் வேண்டாம், ஜரிகைப் பொன்னாடையும் வேண்டாம். கடை வாசலில் மாட்டுகிற மாதிரி, மரப்பலகையில் கையால் எழுதிய பெயர்ப்பலகை ஒன்று போதும். ஊரில் போர்டு எழுதுகிறவர் இன்னும் ஒருவராவது இருப்பார், அவருக்கும் வேலை. பலகையில் என்ன செய்தார்கள் என்பதை எழுதுங்கள்: “இங்கே பாத்திரம் கொண்டு வந்தால் பார்சலுக்கு விலை குறைவு.” “சிறந்த பசுமை நிறுவனம்” என்று எழுதினால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. வருடத்தைக் கட்டாயம் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டுமே செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாள் தேர்வுக்கு என் யோசனை: பள்ளி திறந்த சந்தடி அடங்கிய ஜூலையில் முதல் எடை, பிப்ரவரியில் இரண்டாவது எடை, மார்ச் 22 கிராமசபையில் அறிவிப்பு. பேரூராட்சி, நகராட்சி என்றால் பகுதிசபைக் கூட்டத்தில் செய்யலாம். நவம்பர் 1-ஐ விரும்புகிறவர்களும் உண்டு. உள்ளாட்சி நாள் கிராமசபை அன்றைக்குத்தான்; 1956-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுவே. பள்ளிகளுக்கு அவர்களுடைய ஆண்டு விழாவிலேயே கொடுப்பது நல்லது. பலகையைத் தலைமையாசிரியர் மட்டும் வாங்காமல், உரக்குழி பார்த்த பிள்ளைகளும் ஆயாம்மாவும் மேடை ஏறட்டும்.

கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்குள் சொல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பழையபடி ஆகியிருந்தால் ஓனரிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு மாத அவகாசம் கொடுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் பலகையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். கஷ்டமான வேலைதான், ஆனால் அதைச் செய்யாவிட்டால் மற்றவர்களின் பலகைக்கும் மதிப்பு போய்விடும்.

மேலே அனுப்புவது

கடைக்காரரோ பள்ளியோ சம்மதித்தால் உங்கள் நோட்டு அடுத்த கட்டத்துக்கும் உதவும். 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு மஞ்சப்பை விருதுகளை அறிவித்தது. சிறந்த மூன்று பள்ளிகள், மூன்று கல்லூரிகள், மூன்று வணிக நிறுவனங்களுக்கு முதல் பரிசு 10 லட்சம், இரண்டாவது 5 லட்சம், மூன்றாவது 3 லட்சம் ரூபாய். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகும். தனி நபர்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு லட்சம் ரூபாயோடு பசுமை முதன்மையாளர் விருதும் உண்டு. அறிவிப்பு வருகிறதா என்று மாவட்ட இணையதளத்தை அவ்வப்போது பாருங்கள். வந்த பிறகு சான்று தேடி ஓடினால் நேரம் போதாது. தேதி போட்ட எடைக் கணக்கு, அதே இடத்தில் நின்று முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஆக்கர்கடை ரசீது, எண்ணெய் கொடுத்த ரசீது எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

பள்ளிகளின் கோப்பில் ஒரு நகல் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும், அடுத்து வருகிறவர் போன ஜூலையின் எடையைப் பார்த்து அங்கிருந்தே தொடரலாம்.